மாப்பிள்ளைக்கு வாங்கிய ரப்பர் பேன்ட்



போன ஞாயிறு நான் போட்ட படத்துக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "சார், உங்க பக்கத்துல நிக்கிறது யாரு? ஏன் கழுத்திலிருந்து கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் போட்டிருக்காரு?" மன்னார்குடி அத்தை ஒருபடி மேலே போய், "மாப்பிள்ளை தீயணைப்புல சேர்ந்துட்டாரா?" என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். இல்லை அத்தை, அதே வேலைதான். அது கயாக் ஓட்டப் போடும் உடுப்பு.

உருப்படியாகக் கேட்டது கிளாஸ்கோவில் நர்சாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்திதான். "சார், நானும் இங்க கயாக் கத்துக்கறேன். குளிர்காலத்துக்கு, தண்ணி புகாத மாதிரி, குறைஞ்ச விலையில என்ன பேன்ட் வாங்கலாம்?" நான் படித்தது ஆசிரியர் பயிற்சி. நடத்தியது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல். கயாக்குக்கும் எனக்கும் ஆறு மாதப் பழக்கம்தான், அதுவும் கரையில் நின்று பார்த்த பழக்கம். ஆனால் இந்த பேன்ட் விஷயத்தில் மட்டும் ஒரு பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். ஏன் என்று சொல்கிறேன். பதிவு நீளம். டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிச்சாவரத்தில் கயாக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒடுக்கமான, நீளமான சின்னப் படகு. காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையும் அகலமான ஒரே துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறித் தள்ள வேண்டும். நம் ஊரில் கைலியும் பனியனுமாக ஓட்டலாம். கவிழ்ந்தால் ஒரு குளியல், அவ்வளவுதான். வான்கூவர் பக்கம் அப்படி இல்லை. மழைக்காலத்தில் இங்கே கடல் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பாட்டில் வைக்கும் கதவுப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் நானும் உங்கள் டீச்சரம்மாவும் மகள் வீட்டுக்கு, சர்ரே என்ற ஊருக்கு வந்தோம். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. டிசம்பரில் இங்கே மாலை நாலேகால் மணிக்கு இருட்டிவிடும். மழை பெய்கிறது என்றால் நம் ஊர் மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. சன்னமாக, வாரக்கணக்கில், நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். அதில் மனுஷன் வாடிப்போவார். இரண்டு வருடம் முன்பு யாரோ விற்ற பழைய கயாக்கை வாங்கியிருக்கிறார். விடுமுறை நாளில் டீப் கோவ் என்ற இடத்துக்கு அதை வண்டி மேல் கட்டிக்கொண்டு போவார். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டு வரும் இடம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கோடையில் நூறு பேர் ஓட்டுவார்கள். அக்டோபர் வந்தால் பெரும்பாலானவர்கள் படகைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். இவர் கவிழ்க்கவில்லை. வேலைக்குப் போகும்போது போடும் மழை பேன்ட்டையே போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

ஒருநாள் மகள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நான் சொன்னா சண்டையாகுது. நீங்க சொல்லுங்க, கேப்பாரு."

மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மாமனார் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது எத்தனை சிரமம் என்று உங்களில் மாமனார் ஆனவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் காரில் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மாமா, வாரத்துல அந்த ரெண்டு மணி நேரந்தான் நான் நானா இருக்கேன். அதையும் விடச் சொல்லாதீங்க" என்றார். அதற்குமேல் "போகாதீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குரலை வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கும்போது சில பிள்ளைகளிடம் கேட்கும் குரல்.

சரி, போகட்டும். எதைப் போட்டுக்கொண்டு போவது?

இதற்கு முழுமையான பதில் டிரைசூட். கழுத்து, மணிக்கட்டு மூன்று இடத்திலும் ரப்பர் வளையம், பாதத்துக்கு அதோடு சேர்ந்த சாக்ஸ், உடம்பு முழுக்க ஒரே துணி, தண்ணீர் புகாத ஜிப். உள்ளே வேட்டி கட்டிக்கொண்டு கடலில் குதித்தாலும் வேட்டி நனையாது. புதிதாக வாங்கினால் நல்லது 1,000 டாலருக்கு மேல். வீட்டுக் கடனும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் கட்டுகிற வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. "250 டாலருக்குள்ள ஏதாவது பாப்போம் மாமா" என்றார். அங்கிருந்து ஆரம்பித்தது என் வீட்டுப்பாடம்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 8 டிகிரிக் காற்றில் ஸ்வெட்டரோடு நடந்து போகிறவரால் 8 டிகிரித் தண்ணீரில் அப்படி இருக்க முடியாது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர், ஒரு கணக்கு சொல்கிறார்: 1, 10, 1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, திணறித் திணறி இழுக்கும். அதன்பின் சுமார் 10 நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். குளிரில் உடம்பு விறைத்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். நினைவு தப்புவதற்கு முன்பே கை வேலை செய்யாமல் போவதால்தான் பலர் மூழ்குகிறார்கள். ஆகவே பேன்ட் எதுவானாலும் லைஃப் ஜாக்கெட் மேலே இருக்க வேண்டும். படகில் வைத்திருந்தால் போதாது, மாட்டியிருக்க வேண்டும். இதில் பேரமே இல்லை.

இப்போது மழை பேன்ட். மாப்பிள்ளையின் வாதம், "இது வாட்டர்ப்ரூஃப்தான் மாமா, லேபிள்ல 10,000 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு." போட்டிருந்தது உண்மைதான். அந்த எண்ணுக்கு அர்த்தம், துணியின் மேல் 10 மீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்பது. துணி நல்ல துணிதான். ஆனால் மழை மேலிருந்து வருகிறது. படகு கவிழ்ந்தால் தண்ணீர் இடுப்பு வழியாகவும் கணுக்கால் வழியாகவும் வருகிறது. அங்கே துணியே இல்லை, ஓட்டைதான் இருக்கிறது.

இதை வாயால் சொன்னால் வாக்குவாதமாகும். செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது. குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீரை நிரப்பினேன். "மாப்பிள்ளை, அந்த பேன்ட்டோட ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள உக்காருங்க. படகுல உக்கார்ற மாதிரியே." டீச்சரம்மா வாசலில் நின்று, "என்னங்க இது, மாப்பிள்ளையப் போய் பச்சத்தண்ணியில உக்கார வைக்கிறீங்க, சம்பந்தி கேட்டா என்ன நினைப்பாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சிரிப்பு மூன்று விநாடி. இடுப்பில் நுழைந்த தண்ணீர் தொடை வரை போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவர் கணுக்காலில் வெல்க்ரோ பட்டையை இறுக்கி ஒட்டியிருந்தார். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டினார். நடந்தது நேர்மாறு. இடுப்பு வழியாக வந்தது கீழே வடிய வழியில்லாமல் முழங்காலுக்குக் கீழே தங்கிவிட்டது. அவர் எழுந்தபோது இரண்டு காலிலும் தண்ணீர்ப் பை தொங்கியது. பட்டையைப் பிரித்து மக்கில் பிடித்தோம். ஆறு மக். ஏறக்குறைய ஆறு கிலோ.

இங்கே ஒரு சின்னப் பாடம். உங்களில் பாதிப்பேர் என்னிடம் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படித்தவர்கள். வாளிக்குள் கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினோமே, நினைவிருக்கிறதா? பேன்ட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஆளை அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. சிக்கல், படகில் திரும்ப ஏறும்போதுதான். காலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிய நொடியில் அந்த ஆறு கிலோவும் எடையாகிவிடும். கையில் வலு இருக்கும் பத்து நிமிடத்தில் அந்தக் காலைத் தூக்கி, உருளும் படகின் மேல் போட வேண்டும். மாப்பிள்ளை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்த மக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகளே, டவல் கொண்டா" என்றேன். அதற்குப் பிறகு மழை பேன்ட் பேச்சு எழவில்லை.

அடுத்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்தோம். மீன்பிடிப் படகில் வேலை செய்பவர்கள் போடும் தடித்த பி.வி.சி. பேன்ட், மார்பு வரை ஏறி தோளில் பட்டையோடு வருவது, விலை மலிவு, உழைப்பும் அதிகம். மேல்தளத்தில் நின்று வலை இழுக்க அருமை. கயாக்கில் உட்கார்ந்தால் விறைப்பாக மடங்கும், கணுக்காலும் திறந்தே இருக்கும். வேண்டாம் என்று வைத்தோம். ஆற்றில் நின்று தூண்டில் போடுபவர்களின் வேடர் என்ற உடுப்பில் பாதம் மூடியிருக்கும், ஆனால் மார்புப் பக்கம் வாய் திறந்த சாக்கு. தண்ணீர் போனால் வெளியே வராது. அதுவும் வேண்டாம்.

மிஞ்சியவை இரண்டு.

ஒன்று, துடுப்புப் படகுக்கென்றே தைத்த பேன்ட். மழை பேன்ட் போலவே இருக்கும், வித்தியாசம் வாயில்களில். இடுப்பில் அகலமான நியோப்ரீன் பட்டை. கணுக்காலில் ரப்பர் வளையம், இதற்கு இங்கே கேஸ்கட் என்றே பெயர். குக்கர் கேஸ்கட் என்ன செய்கிறதோ அதையே இது செய்கிறது. குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் விசில் வருமா? வராது. அப்படித்தான் இதுவும். சில பேன்ட்டில் கேஸ்கட்டுக்குப் பதிலாகத் துணி சாக்ஸே சேர்ந்திருக்கும், அது இன்னும் மேல். உட்காரும் இடத்திலும் முழங்காலிலும் இரட்டைத் துணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்த இருக்கையில் முழு எடையோடு இரண்டு மணி நேரம் தேய்கிற இடம் அதுதான், முதலில் கசிவதும் அங்கேதான். இடுப்பை எவ்வளவு இறுக்கினாலும் நீந்தும்போது சிறிது கசியும். ஆகவே இதன் பெயரில் டிரை என்று இருந்தாலும் டிரைசூட் என்று நம்பக் கூடாது.

இரண்டாவது நியோப்ரீன். படத்தில் நீங்கள் பார்த்த கறுப்பு ரப்பர். 1930-இல் டூபாண்ட் கம்பெனியின் ரசாயனக்காரர்கள் உண்டாக்கிய செயற்கை ரப்பர். உடுப்புக்கு வருவது அதன் நுரை வடிவம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகள். இதன் வழி வேறு. தண்ணீரைத் தடுக்காது, உள்ளே விடும். ஆனால் உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருப்பதால் ஒரு மெல்லிய படலம் மட்டும் புகும், அதை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்ளும். கிழிந்தாலும் ஓரளவு காப்பாற்றும். கயாக்குக்கு 3 மி.மீ. தடிமன், கையில்லாமல் தோள்பட்டையோடு வரும் மாடல். ஃபார்மர் ஜான் என்று பெயர். விவசாயி போடும் உடுப்பு மாதிரியாம். நம் விவசாயி பார்த்தால் சிரிப்பார்.

எது நல்லது? என் தீர்ப்பு: ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் நியோப்ரீன். தண்ணீர் புகாத பேன்ட் உங்களை உலர வைக்கும், சூடாக வைக்காது. அந்தத் துணி காகிதக் கனம். உள்ளே போடுவதுதான் சூடு. கசிந்துவிட்டால் அந்தச் சூடும் போச்சு. நியோப்ரீன் நனைந்தபின்தான் வேலையே ஆரம்பிக்கும். இரண்டையும் வாங்க முடிந்தால் நியோப்ரீன் உள்ளே, துடுப்பு பேன்ட் வெளியே. காற்றும் தூறலும் நியோப்ரீன் மேல் அடித்துக் குளிர வைக்காமல் வெளிப் பேன்ட் தடுக்கும். நியோப்ரீன் போடாத நாளில் உள்ளே கம்பளியோ பாலியஸ்டரோ போடலாம். பருத்தி மட்டும் கூடவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். இங்கே நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. ஜீன்ஸ் அதைவிட மோசம்.

மூச்சுவிடும் துணி என்று ஒன்று சொல்வார்கள், விலை இரட்டிப்பாகும். 1969-இல் பாப் கோர் என்பவர், நம் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது பிறந்தது. நுண்துளை வழியே வியர்வை ஆவி போகும், தண்ணீர்த் துளி வராது. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் காசு இறுக்கமாக இருந்தால் நான் வெட்டுவது இதைத்தான். வியர்வையில் கொஞ்சம் நனைந்தால் அசௌகரியம். கணுக்கால் கேஸ்கட் இல்லாவிட்டால் ஆபத்து. அசௌகரியத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு வாடகைக்கு விடும் கடைகள் சில சீசன் முடிந்ததும் பழைய உடுப்பை விற்கின்றன. அப்படி ஒரு இடத்தில் ஃபார்மர் ஜான் 70 டாலர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தையலை இரண்டு பக்கமும் இழுத்து, முழங்காலைக் கிள்ளிப் பார்த்து எடுத்தேன். கிள்ளினால் மெத்தென்று திரும்ப எழும்ப வேண்டும், தட்டையாகக் கிடந்தால் நுரை செத்துவிட்டது. துடுப்பு பேன்ட் புதிது, தள்ளுபடியில் 115 டாலர். நியோப்ரீன் காலணி 45. மொத்தம் 230, வரி தனி. பழைய பேன்ட் வாங்குகிறவர்கள் உள்புறத்தைத் திருப்பித் தையல் மேல் ஒட்டிய டேப் உரிகிறதா பாருங்கள். ரப்பர் கேஸ்கட் பிசுபிசுவென்று இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ விலையில் குறைத்துக் கேளுங்கள், அதை மட்டும் மாற்றலாம். வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டைத் திருப்பி, கணுக்காலைக் கட்டி, காலுக்குள் தண்ணீர் ஊற்றிக் கொடியில் தொங்கவிட்டோம். எங்கே சொட்டுகிறது என்று பேரன் பார்த்துச் சொன்னான். எங்கும் சொட்டவில்லை.

பிறகு உண்மையான பரீட்சை. ஜனவரியில் ஒரு காலை, டீப் கோவ் கரையில் நெஞ்சளவு தண்ணீர். புது உடுப்போடு மாப்பிள்ளை உள்ளே, கையில் கடிகாரத்தோடு நான் கரையில், பக்கத்தில் கயிற்றோடு அவர் நண்பர் ஒருவர். இறங்கும் முன் குத்தவைத்து உட்கார்ந்து இடுப்புப் பட்டையை விரலால் விலக்கிப் பேன்ட்டுக்குள் இருந்த காற்றை வெளியேற்றினார். அது இருந்தால் காலைத் தேவையில்லாமல் மிதக்கவைக்கும். முதல் நிமிடம் அவர் மூச்சு கரைக்குக் கேட்டது. மகள் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது நிமிடம், "கால் பரவால்ல மாமா" என்றார். ஏழாவது நிமிடம் அதே பதில். எட்டாவது நிமிடத்தில், "லைஃப் ஜாக்கெட் கொக்கியக் கழட்டி மறுபடி மாட்டுங்க" என்றேன். கழற்ற முடியவில்லை. பத்து விரலும் இருக்கின்றன, கொக்கியும் கண்ணுக்குத் தெரிகிறது, விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "போதும், வாங்க" என்றேன். வந்தவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நேராகக் கார்க் கண்ணாடியைத் தட்டி, "கை இல்லாம போச்சு" என்று அவளிடம் சொன்னார். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து தானே வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தாள்.

மறுநாள் நியோப்ரீன் கையுறை வாங்கினார், 35 டாலர். 250-ஐத் தாண்டிவிட்டது, யாரும் கணக்குக் கேட்கவில்லை. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் மாதங்களில் இந்த உடுப்பு இரண்டாந்தரம்தான் என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். அதனால் டிரைசூட்டுக்குக் காசு சேரும் வரை கரையை ஒட்டித்தான் ஓட்டுவார், கால் தரையில் எட்டும் ஆழத்தில். தனியாகப் போவதில்லை. விசில் கழுத்தில். நடுக் கடலுக்கு மே மாதத்துக்கு மேல். இதை நான் சொல்லவில்லை. அவரே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டியிருக்கிறார். மகள் இப்போது அவர் போயிருக்கும் நேரத்தில் துணி மடிக்கிறாள், டிவி பார்க்கிறாள். கடிகாரத்தையும் பார்க்கிறாள்தான்.

கிளாஸ்கோ பொண்ணே, உனக்கு: ஸ்காட்லாந்து ஏரிகளும் குளிரில் இதற்குச் சளைத்தவை இல்லை. உன் சங்கத்தில் குளிர்காலத்துக்கு டிரைசூட் இரவல் தருவார்களா என்று முதலில் கேள். தராவிட்டால், கடையில் அளவு பார்க்கும்போது நின்று பார்க்காதே, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலை மடக்கிப் பார். இடுப்பு கீழே இறங்கினால் ஒரு அளவு பெரிது எடு. நியோப்ரீன் என்றால் அதற்கு மாறாக, மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கமாக எடு. தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் புதுத் தண்ணீர் ஓடும். புது கேஸ்கட் கணுக்காலை நெரித்தால் கத்தரிக்கோலை எடுக்காதே, அளவான ஒரு பாத்திரத்தில் மாட்டி ராத்திரி முழுக்க வைத்தால் தளரும். மாட்டும்போது கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டுக்கொள். வந்ததும் உப்புத் தண்ணீர் போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடு. வெயில் ரப்பருக்கு ஆகாது. ஸ்காட்லாந்தில் வெயிலுக்குப் பயப்படத் தேவையில்லை என்பாய்.

வாங்குவதற்கு முன் கணுக்கால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். நனைந்த நியோப்ரீன் ஒரு மாதிரி நாறும். எங்கள் வீட்டுக் குளியலறையில் இப்போது அதுதான் தொங்குகிறது, டீச்சரம்மா மூன்று நாளாக ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.